துவக்குப் பங்கு

பன்றிக்குப் பன்னிரண்டு, மனிசனுக்கு முப்பத்திரண்டு. துவக்கைப் பற்றி ஒரே வரியில் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்லுவேன். இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் திருக்கோணமலை நேவி யார்ட்டின் ஆயுதக் களஞ்சியத்தில் நாலு வருஷம் துவக்குகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தவன் நான். எந்தக் குழல் எதற்கு என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அதனால்தான், பக்கத்துக் காணி வீரகத்தி தன்னுடைய பன்னிரண்டாம் நம்பர் நெடுந்துவக்கை விற்றுவிட்டு, முப்பத்திரண்டில் ஒரு கைத்துவக்கு வாங்க லைசென்ஸ் எடுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடையார்கட்டுக் குளத்துக்குக் கீழே எங்கள் கொலனியில் அப்போது நாற்பது குடும்பங்கள். அநேகமாக எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டியவர்கள். காணி எங்களுடையது என்று வாயால் சொல்லுவோமே தவிர, கையில் இருந்தது அரசாங்கம் தந்த பெர்மிற் ஒன்றுதான். பெர்மிற்காரன் தானே வயலில் இறங்கிக் கமம் செய்யவேண்டும். அவனுக்கு ஏலாது, படுக்கையில் கிடக்கிறான் என்று அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குத் தெரியவந்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் காணி போகும்.

கச்சேரிக்கு எப்படித் தெரியவரும்? பெட்டிசம் போகும். பெட்டிசத்தை யார் எழுதுவது? ஒளிப்பானேன், அநேகமாக நான்தான். பெயர் போடமாட்டேன். 'இப்படிக்கு, உண்மை விரும்பி' என்று முடித்துவிடுவேன். ஆனால் அந்தக் குண்டு குண்டான எழுத்தை நாற்பது குடும்பத்துக்கும் தெரியும்.

ஏரம்புவின் விஷயம் அப்படித்தான் நடந்தது. அவனுக்கு நெஞ்சு வருத்தம். இரண்டு போகம் வயலைச் சும்மா போட்டான். அவன் வயல் புல் என் வரம்புக்குள் ஏறியது. எழுதினேன். மூன்றாம் மாதம் அவனும் பெண்சாதியும் சட்டி பானையை வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சட்டம் சட்டந்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வண்டில் போன பிறகு கொலனியில் ஒருவரும் என் முன்னால் இருமுவதுகூட இல்லை. காய்ச்சல்காரனும் என்னைக் கண்டால் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

அடுத்து வந்த கமக்காரர் கூட்டத்தில் வீரகத்தி எழும்பி நின்றான்.

"பன்றி பயிரைத்தான் தின்னும். எங்கடை கொலனியில ஒருத்தற்றை பேனை ஆளைத் தின்னுது. அதுக்கும் ஒருநாள் காவல் போடத்தான் வேணும்" என்றான்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அது மாசி மாதம். ஆவணியில் அவன் நெடுந்துவக்கை விற்றான். கூட்டிப் பார்க்கத் தெரியாதவனா நான்?

அதற்குப் பிறகு அவன் மேல் ஒரு கண் வைத்தேன். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வலுத்தது. முன்பு சைக்கிளில் பறந்து திரிந்தவன், இப்போது அதை உருட்டிக்கொண்டு போனான். என் வாசல் படலையைக் கடக்கும்போது மெதுவாக, மிக மெதுவாகக் கடந்தான். வரம்பு கட்டப் பெண்சாதி பத்மாசனியை மண்வெட்டியோடு இறக்கிவிட்டு, தான் மேட்டில் நின்று என் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். வெயிலோ மழையோ தோளில் ஒரு சால்வை. இடது கை எப்போதும் அந்தச் சால்வைக்குள். அதற்குள் என்ன வைத்திருக்கிறான்? கத்தியா?

"அந்தாளின்ரை இடக்கைக்கு என்னவோ போலை கிடக்குது" என்றாள் என் மனைவி விமலேஸ்வரி.

"கைக்கு ஒண்டுமில்லை. கைக்குள்ளதான் என்னவோ கிடக்குது" என்றேன்.

"உங்களுக்கு அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை வீரகத்தியே படலையில் வந்து நின்றான். சால்வை, அதற்குள் இடது கை.

"தில்லைநாதன், நிக்கிறீரோ?"

நான் உலக்கைக்குக் கிட்டவாகப் போய் நின்றுகொண்டு, "என்ன விஷயம்?" என்றேன்.

"வவுனியாவில முப்பத்திரண்டில மூண்டு றிவோல்வர் வந்து கிடக்குதாம். எனக்கு நெடுந்துவக்கைத் தவிர வேறை தெரியாது. நீர் யார்ட்டில இருந்தனீர். ஒருக்கா வந்து தெரிஞ்செடுத்துத் தாரும்."

"என்னையோ கூப்பிடுறீர்?"

"கோவம் வேறை, தொழில் வேறை. இஞ்சை உம்மை விட்டால் ஆருக்குத் தெரியும்?"

"பன்றிக்கு முப்பத்திரண்டு நுளம்புக் கடியெல்லே? இருந்த பன்னிரண்டை ஏன் வித்தனீர்?"

அவன் பார்வையை என் முகத்திலிருந்து எடுத்து வேலியில் வைத்தான்.

"பாரம்" என்றான். பிறகு, "கொண்டு திரியப் பாரம்" என்றான்.

ஆறடி ஆள், மூட்டை நெல்லை ஒற்றைத் தோளில் தூக்குகிறவன், ஒரு துவக்கு பாரம் என்கிறான். இந்தக் கதையை நம்ப நான் என்ன பச்சைப் பிள்ளையா? ஆனால் போகச் சம்மதித்தேன். என்னைச் சுடப்போகிற துவக்கு எது என்று நானே பார்த்துவைப்பது நல்லதுதானே.

வவுனியாவுக்கு பஸ்ஸில் போனோம். ஒரே சீற்றில் இருந்தோம். அவன் சாளரப் பக்கம் இருந்தான். சால்வைக்குள் இருந்த கை என் விலாவுக்குப் பக்கத்தில் இருந்ததால் நான் மாங்குளம் வரைக்கும் மூச்சை அளந்து அளந்து விட்டேன்.

துவக்குக் கடைக்காரர் ஒரு கிழவர். கச்சேரிக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பச்சைத் துணியை விரித்து மூன்றையும் வரிசையாக வைத்தார். மூன்றும் பழசு. முதலாவது நடுவில் முறிந்து திறப்பது; உடம்பு கனம், மூக்குக் குட்டை. இரண்டாவது கறுப்பு, எண்ணெய் மினுங்கும் நல்ல சாமான், தோட்டா போடுகிற உருளை பக்கவாட்டில் விழும். மூன்றாவதுக்கு நிக்கல் பூச்சு, தந்தப் பிடி. கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தது.

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! ஒரு நிமிஷம் வீரகத்தியையே மறந்துபோனேன். கறுப்பை எடுத்துக் குதிரையை இழுத்து, கட்டை விரலால் தாங்கி இறக்கினேன். ஆறு தரமும் ஒரே சத்தம். உருளை ஒவ்வொரு அறையிலும் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. முப்பத்திரண்டில் எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

வெள்ளையை எடுத்தேன். டக், டக், டக், டக், டக். ஆறாவது மட்டும் டொக் என்றது. மறுபடி சுற்றினேன். அதே அறை. அந்த அறையின் வாயில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. அதற்கு நேரே வரும்போது உருளை ஒரு மயிரளவு முன்னதாக நின்றுவிடுகிறது. ஊசி தோட்டாவின் நடுவில் குத்தாது, ஓரத்தில் உரசும். ஐந்து வெடிக்கும். ஆறில் ஒன்று வெடிக்காது.

கடைக்காரருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி அப்பாவியாக வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்திருக்கமாட்டார்.

"ஒற்றைக் கையால திறந்து, ஒற்றைக் கையால சுடக்கூடியது எது?" என்று வீரகத்தி கேட்டான்.

ஏன் ஒற்றைக் கை? மற்றக் கைக்கு என்ன வேலை? என் கழுத்தைப் பிடிக்கவா?

"மூண்டையும் அப்பிடிச் சுடலாம். திறக்கிறதெண்டால் மடியில வைச்சுத் திறக்கலாம்" என்றேன்.

"அப்ப எது நல்லது? உம்மடைய வாயால சொல்லும். நீர் சொல்லுறதை எடுக்கிறன்."

கறுப்பைப் பார்த்தேன். வெள்ளையைப் பார்த்தேன். ஆறில் ஒரு பங்காவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படியே நினைத்தேன். அவன் என் படலையில் வந்து நின்று குதிரையை இழுக்கிற அன்று, ஆறில் ஒரு தடவை எனக்கு ஓடித் தப்ப நேரம் கிடைக்கும்.

"வெள்ளை. ராசியான சாமான். கறுப்பை எடுத்தால் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும்" என்றேன்.

அவன் அதை வலது கையில் வாங்கி, பாரம் பார்த்து, முகம் மலர்ந்தான். "எனக்கும் இதிலதான் மனம் போனது" என்றான். திரும்பி வரும்போது வாழைப்பழம் வாங்கித் தந்தான். அந்தச் சீப்பில் அவன் ஒன்றைப் பிய்த்து முதலில் தின்ற பிறகுதான் நான் தின்றேன்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இடைக்கிடை மாலையில் அவன் மேட்டில் இருந்து ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பான். பன்றியைக் கலைக்கிறானாம். ஒவ்வொரு வெடிக்கும் நான் கதிரையிலிருந்து எழும்பி இருப்பேன். எனக்குக் கேட்கும்படி வைக்கிறான் என்று விமலேஸ்வரியிடம் சொன்னேன். "வெடி எண்டால் கேக்கத்தானே செய்யும்" என்றாள் அவள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை பத்மாசனி வந்தாள். தேக்கிலையில் சுற்றிய பொட்டலம் ஒன்றை நீட்டினாள்.

"அண்ணை, நேற்று வேலிச் சுருக்கில ஒரு பன்றி பட்டது. அவர் கிட்டப் போய்க் காதுக்குள்ள வெடி வைச்சவர். இது துவக்குப் பங்கு."

வன்னியில் இது ஒரு வழக்கம். வேட்டை இறைச்சியைப் பங்கு போடும்போது சுட்டவனுக்கு ஒரு பங்கு, கூடப் போனவனுக்கு ஒரு பங்கு, துவக்குக்கு ஒரு பங்கு. துவக்கு இரவல் என்றால் அந்தப் பங்கு துவக்குக்காரன் வீட்டுக்குப் போகும்.

"துவக்கு உங்கடையெல்லே? எனக்கேன் இது?" என்றேன்.

"தெரிஞ்செடுத்த கைக்குத்தான் அந்தப் பங்கு எண்டு அவர் சொல்லிப்போட்டார்."

அவள் போனதும் அதில் ஒரு துண்டை வெட்டி நாய்க்குப் போட்டேன். நாய் தின்றுவிட்டு வாலை ஆட்டியது. பின்னேரம் வரைக்கும் அது சாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விமலேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு கறி வைத்தாள்.

அன்று சாப்பிடும்போது முதல் முறையாக எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆறாவது அறையை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால், பிறகு ஏன் அதை எடுக்கச் சொன்னீர் என்று கேட்பான். அதற்கு என்ன பதில்? சரி, தை பிறக்கட்டும், குறைநிறை பார்க்கிற சாட்டில் வாங்கித் திருத்திக் கொடுத்துவிடுவோம் என்று தள்ளிப்போட்டேன். நல்லதைச் செய்ய நாள் பார்க்கிறவனுக்குக் கெட்டதைச் செய்ய நாள் தேவைப்படவில்லை.

மார்கழி நடுவில் ஒரு விடியற்காலை. வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போனேன். என் வேலியோரம் இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. பத்மாசனி மேட்டில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணை, தனியன் பன்றி ஒண்டு. விடிய வெளிச்சத்தில அவர் சுட்டவர், விழேல்லை. காயப்பட்டதை விட்டால் வயலுக்கு வாற பெண்டுகளைக் கிழிச்சுப்போடும் எண்டு பின்னாலை போயிட்டார்."

"தனியவோ?"

"துவக்கு இருக்குதெண்டு போனவர்."

காயப்பட்ட பன்றியைப் பற்றைக் காட்டுக்குள் விடுவது இங்கே பெரிய பழி. சுட்டவன்தான் போய் முடிக்கவேண்டும். ஆனால் முப்பத்திரண்டோடு, அதுவும் அந்த முப்பத்திரண்டோடு! மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஐம்பது வயதில் அப்படி ஓடுவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

காரைப் பற்றைக்குள் ஒரு வெடி கேட்டது. எண்ணினேன். இன்னொன்று. பிறகு ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது வரவேண்டும், வரவேண்டும் என்று ஓடினேன். மூன்றாவது வரவில்லை. வந்தது வீரகத்தியின் குரல். அம்மா என்ற ஒரே சொல்.

நான் போய்ச் சேர்ந்தபோது பன்றி பத்து முழம் தள்ளிச் செத்துக் கிடந்தது. வீரகத்தி பாலை மரத்தில் சாய்ந்து இருந்தான். வலது தொடை இடுப்பிலிருந்து முழங்கால் வரை திறந்து கிடந்தது. சால்வை முள்ளில் கொழுவித் தொங்கியது. இடது கை முதல் முறையாக வெளியே தெரிந்தது. சூம்பிய கை. விரல்கள் உள்ளுக்கு மடங்கி, வெயில் படாமல் வெளிறி, செத்த பொருள் போல மடியில் கிடந்தது. அதற்குள் கத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை.

பக்கவாதம். மாசிக் கூட்டத்துக்கும் ஆவணிக்கும் இடையில் எப்போதோ அடித்திருக்கிறது. நெடுந்துவக்கைத் தூக்க இரண்டு கை வேண்டும். சைக்கிள் பிடிக்க, மண்வெட்டி பிடிக்க இரண்டு கை வேண்டும். கமம் செய்ய ஏலாதவனுக்குப் பெர்மிற் இல்லை. அதை எழுத ஒரு உண்மை விரும்பி பக்கத்துக் காணியிலேயே இருக்கிறான். என் படலையை அவன் மெதுவாகக் கடந்ததற்கு, என் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு எல்லாம் காரணம் ஒன்றுதான். அவன் எனக்குப் பயந்திருக்கிறான். நான் அவனுக்குப் பயந்ததைவிட அதிகமாக.

சால்வையை எடுத்துத் தொடையை இறுக்கிக் கட்டினேன்.

"தோட்டா நனைஞ்சு போச்சுது போலை" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "துவக்கில பிழை இராது. அது நீர் தெரிஞ்செடுத்தது."

துவக்கு அவன் பக்கத்தில் கிடந்தது. உருளையைத் திறந்து பார்த்தேன். மூன்று தோட்டாக்களில் நடுவில் குத்து. கீறல் இருந்த அறையில் இருந்த தோட்டாவில், ஓரத்தில் ஒரு சின்ன உரசல். எனக்குத் தெரிந்த இடத்தில், எனக்குத் தெரிந்த மாதிரியே.

ட்ராக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டு முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் தப்புமா என்று ஒரு கிழமை கழித்துத்தான் சொல்லலாம் என்றார்கள். அந்தக் கிழமை முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் விமலேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"என்னட்டைச் சொல்லி என்ன? அந்தப் பிள்ளை பத்மாசனியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

போனேன். வீரகத்தி மயங்கிய நித்திரையில் கிடந்தான். பத்மாசனி கட்டிலுக்குப் பக்கத்தில் மர வாங்கில் இருந்தவள், என்னைக் கண்டதும் துள்ளி எழும்பினாள்.

"கால் தப்பியிட்டுதண்ணை" என்றாள் நான் கேட்கும் முன்னமே. "தை முடிய வயலுக்கு இறங்குவார். டொக்டரே சொல்லிப்போட்டார்."

"பத்மாசனி, நான் ஒண்டு சொல்ல வந்தனான். அந்தத் துவக்கில பிழை இருந்தது. ஆறில ஒரு தோட்டா வெடியாது. கடையிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் எடுக்கச் சொன்னனான்."

சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயரோடு, என் முகத்தோடு ஒரு உண்மையைச் சொன்னேன். அவள் ஏசுவாள், காறித் துப்புவாள் என்று நின்றேன். துப்பியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ஆவணி தொடங்கி நான் அவள் புருஷனைப் பார்த்த பார்வை அது.

"ஏனண்ணை இப்பிடிச் சொல்லுறியள்?" என்றாள் மெதுவாக. "இதுக்கு நான் என்ன சொல்லவேணும்? என்ன சொன்னால் நீங்கள் எழுதுவியள்?"

"ஐயோ, நான் ஒண்டும் எழுதமாட்டன். சத்தியமாச் சொல்லுறன்."

"துவக்கில ஒரு பிழையும் இல்லையண்ணை. நீங்கள் நல்லதாத்தான் தெரிஞ்செடுத்தனீங்கள். நாங்கள் ஆரிட்டையும் ஒரு குறையும் சொல்லேல்லை. இனி எது பட்டாலும் துவக்குப் பங்கு உங்களுக்குத்தான்."

என்ன சொன்னாலும் அவளுக்கு அதில் ஒரு பொறிதான் தெரியும் என்று விளங்கியது.

கட்டிலில் வீரகத்தி அசைந்தான். போர்வை விலகி இடது கை வெளியே வந்தது. பத்மாசனி எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, கையைப் பின்னால் விட்டுப் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள்.

"விழுந்த அடியில கை கொஞ்சம் விறைச்சுப்போச்சுது" என்றாள். "ரெண்டு நாளில சரியாயிடும் அண்ணை."